நிழல் தேடிய குடிகள் – 14: பசலி 1329ஆம் வருஷத்துப் பதிவேடு

சென்ற அத்தியாயத்தில், உசிலம்பட்டிச் சீமையைச் சேர்ந்த பெருங்காமநல்லூரில், 1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்த வரலாற்றைச் சொல்லி நிறுத்தினோம். குற்றப் பரம்பரைச் சட்டம் என்றவுடன் தமிழ் மக்களுக்கு நினைவு வருவன அந்தக் கைரேகையும், ஆண்மக்கள் இரவுதோறும் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுக்க நேர்ந்த அவமானமுமே. ஆனால் அச்சட்டத்தின் மூல வடிவமான 1871ஆம் வருஷத்துச் சாசனத்துக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருந்தது என்பதும், அது ஜாதியைப் பாராமல் உடலையும் உடையையும் பார்த்து மனிதரைப் பட்டியலிட்டது என்பதும், அந்தப் பாகத்தின் சாயலை எடுத்துக்கொண்டு தக்காணத்துப் பெரிய சமஸ்தானமொன்று தனக்கெனத் தனிச்சட்டம் செய்துகொண்டது என்பதும், அச்சட்டம் நூறு வருஷங்களுக்கு மேல் ஏட்டில் உயிரோடிருந்து 2023இல்தான் ஒழிந்தது என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

இந்த அத்தியாயத்தின் களம் ஹைதராபாத் நகரத்துப் பேகம்பேட். ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே, ஒருபுறம் நிஜாமின் தலைநகரமும் மறுபுறம் ஆங்கிலப் பட்டாளம் பாளையமிறங்கி நிலைத்துவிட்ட சிகந்தராபாத்துமாக, இரண்டு ராஜாங்கங்களுக்கு நடுவே கிடந்த நிலம் இது. நிஜாம் வம்சத்துப் பஷீருன்னிஸா பேகம் பைகா பிரபுக்களின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது சீதனமாகப் பெற்ற பூமி என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் சொல்லுவார்கள். மலேரியாவைக் கொசு சுமப்பதை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி கண்டறிந்த கட்டிடமும் இங்கேதான் இருக்கிறது. விக்கார்-உல்-உம்ரா கட்டிய பைகா மாளிகையும் இங்கேதான் இருக்கிறது. மாளிகைகளுக்கு இடையே பிராமணவாடியைப் போன்ற சந்துகள் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நெருங்கிய ரசூல்புராவைப் போன்ற ஏழைக் குடியிருப்புகளும் உண்டு. சென்னை ராஜதானிப் படைகளோடு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் சிகந்தராபாத் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஆகையால் இது நமக்கு அந்நிய பூமியன்று.

இரண்டு நகரங்கள் என்ற இந்தப் பிரிவு, அங்குள்ள ஹிஜ்ராக்களின், அதாவது திருநங்கைச் சமூகத்தாரின், குடும்ப அமைப்பிலும் அப்படியே பதிந்திருக்கிறது. பழைய நகரத்தைச் சார்ந்தோர் ஷஹர்வாலாக்கள். பட்டாளத்துப் பக்கத்தைச் சார்ந்தோர் லஷ்கர்வாலாக்கள். மானிடவியல் அறிஞர் காயத்ரி ரெட்டி, இவர்களிடையே பல காலம் பழகி ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூலில், இந்த இரண்டு வீட்டாரின் மரியாதைகளையும் மனஸ்தாபங்களையும், பிள்ளை பிறந்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் வாழ்த்துப் பாடிப் பெறும் பதாய் வருமானத்தையும், குருவுக்கும் சேலாவுக்கும் இடையேயுள்ள பந்தத்தையும் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தப் பந்தத்தைப் புரிந்துகொள்ளாமல் நம் கதையின் பொருள் விளங்காது. பெற்ற வீட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, ஊரில் எந்தக் கதவும் திறவாதபோது, ஒரு குரு தன் வீட்டில் இடம் கொடுக்கிறாள். அந்தப் பிள்ளை அவளுக்குச் சேலா ஆகிறது. சம்பாதித்துக் கொடுக்கிறது, சமைத்துப் போடுகிறது, நோயில் பார்த்துக்கொள்கிறது, இறந்தால் துக்கம் காக்கிறது. அந்த வீடு அவர்களுக்கு ஜாகை மட்டுமன்று. தாய்வீடும் புகுந்த வீடும் வயோதிக காலத்து ஆதாரமும் எல்லாம் அதுவே.

ஆங்கில ராஜாங்கம் கை வைத்ததும் அந்த வீட்டின்மீதுதான். 1852இல் வடக்கே மெயின்புரி ஜில்லாவில் ஹிஜ்ரா ஒருவர் கொலையுண்ட வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கொலைசெய்தவனைப் பற்றிய ஆராய்ச்சியைவிடக் கொலையுண்டவரின் வாழ்க்கையைப் பற்றிய அருவருப்பே அதிகாரிகளுக்கு மேலோங்கிற்று. இவர்கள் ஆட்சிக்கு அடங்காத கூட்டம் என்ற அபிப்பிராயம் அங்கிருந்து வளர்ந்து, இரண்டு தசாப்தங்களில் 1871ஆம் வருஷத்துச் சட்டமாயிற்று. அதன் இரண்டாம் பாகம், பிள்ளைகளைக் கடத்துவதாகவோ காயடிப்பதாகவோ இயற்கைக்கு மாறான குற்றம் புரிவதாகவோ சந்தேகிக்கப்படும் இவ்வகுப்பாரின் பெயரையும் வாசஸ்தலத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லிற்று. எழுதப்பட்டவர் எவரும் மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக இருக்கலாகாது, தானம் எழுதலாகாது, உயில் எழுதலாகாது, சுவீகாரம் எடுக்கலாகாது என்றும் விதித்தது. குரு தன் வீட்டைச் சேலாவுக்கு விட்டுப்போகும் வழியை இப்படி அடைத்துவிட்டால், ஒரு தலைமுறையில் அந்த வீடே இல்லாமற் போய்விடும் என்பதைச் சட்டம் செய்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் விரும்பியதும் அதுவே.

1911இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஆங்கிலேயர் புதுப்பித்தபோது இந்த இரண்டாம் பாகத்தைக் கைவிட்டார்கள். அவர்கள் கைவிட்டு எட்டு வருஷங்கள் ஆனபிறகு, ஹைதராபாத் சமஸ்தானம் அதை எடுத்துக்கொண்டது. பசலி 1329 என்று அச்சட்டத்துக்கு வருஷம் போட்டிருக்கிறது. நம் தாலுகா ஆபீஸ் சிட்டா அடங்கலில் இன்றும் வழங்குகிற அதே பசலிதான். 590 கூட்டினால் கிறிஸ்து வருஷம் 1919 வரும்.

அந்த 1919 எப்படிப்பட்ட வருஷம் என்று பார்க்க வேண்டும். ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. உருதுவைப் போதனா பாஷையாகக் கொண்ட உஸ்மானியா சர்வகலாசாலை அப்போதுதான் வகுப்புகளைத் தொடங்கிற்று. சர் அலி இமாம் தலைமையில் நிர்வாக சபை ஏற்பட்டதும் அவ்வருஷமே. 1908ஆம் வருஷத்து வெள்ளத்தில் மூசி நதி நகரத்தை வாரிக்கொண்டு போன பிறகு, அதன் தென்கரையில் வின்சென்ட் எஷ் வகுத்த திட்டப்படி ஹைகோர்ட்டுக் கட்டிடம் எழும்பி முடிந்ததும் 1919இலேதான். 1920 ஏப்ரலில் நிஜாம் அதைத் திறந்து வைத்தார். கல்வியும் நீதியும் நகர நிர்மாணமும் ஒருங்கே மலர்ந்ததாகச் சரித்திரக்காரர் கொண்டாடுகிற அந்த வருஷத்திலேயே, தன் சொந்தப் பிரஜைகளில் ஒரு சிறு கூட்டத்தாரை அவர்களுடைய வீட்டு விலாசத்தைக் கொண்டு கண்காணிக்கும் சட்டமும் பிறந்தது.

அச்சட்டத்தின் வாசகத்தை நெருங்கிப் பார்ப்போம். ஹைதராபாத் நகரத்திலும், சர்க்கார் தனியே அறிவிக்கும் மற்ற இடங்களிலும் வசிக்கிற, பிள்ளைகளைக் கடத்துவதாகச் சந்தேகத்துக்கு இடமான ஹிஜ்ராக்களின் பெயரும் வாசஸ்தலமும் கொண்ட பதிவேடு ஒன்று வைக்கப்பட வேண்டும். பதிவானவர் தம் வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பையனை வைத்திருந்தால் இரண்டு வருஷம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பிள்ளைக்குச் சோறு போடுவதே குற்றம் என்று ஆயிற்று. அடுத்து, பதிவானவர் பெண்ணுடை உடுத்தியோ பெண்களுக்குரிய ஆபரணம் அணிந்தோ தெருவில் காணப்பட்டால், அல்லது தெருவில் ஆடினால் பாடினால், வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். அதற்கும் இரண்டு வருஷம்வரை சிறை. இத்தோடு நின்றதா என்றால் இல்லை. தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படவேண்டும் என்ற எண்ணத்தோடு வேறு எந்த இடத்தில் இருந்தாலும் அதுவும் குற்றமே என்று ஒரு சொற்றொடரை அதே பிரிவில் நுழைத்தார்கள்.

இந்தச் சொற்றொடரின் கொடுமையை வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு வீட்டில் வாசல் உண்டு, திண்ணை உண்டு, ஜன்னல் உண்டு, துணி உலர்த்தும் மாடி உண்டு. இவையெல்லாம் தெருவிலிருந்து தெரிகிற இடங்கள். சேலை கட்டிய ஒருவர் தம் வீட்டு ஜன்னலோரத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தால், அவர் மனத்தில் என்ன எண்ணம் இருந்தது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வீதியில் நடக்கிற போலீஸ்காரனுக்கு வந்துவிடுகிறது. ஆகவே பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்குத் தம் வீட்டிலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழும் நிர்ப்பந்தம் உண்டாயிற்று. குற்றம் என்று எதையும் செய்யாதவரை, செய்வார் என்ற சந்தேகத்தின் பேரில், வீட்டுக்குள்ளேயே சிறை வைத்த சட்டம் இது. சமஸ்தானங்களின் சட்டங்களில் இதைவிடக் கடுமையானவை இருந்திருக்கலாம். இத்தனை தூரம் மனிதருடைய வாசஸ்தலத்துக்குள் புகுந்து பார்த்த வேறொன்றை நான் கண்டதில்லை.

சமஸ்தானம் 1948 செப்டம்பரில் இந்திய யூனியனோடு சேர்ந்தது. 1950இல் அரசியல் நிர்ணயச் சட்டம் அமலுக்கு வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் தேசம் முழுவதும் ரத்தாயிற்று. அதன் குழந்தையான நிஜாம் சட்டம் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் தப்பிற்று. 1956இல் ஆந்திரப் பிரதேசம் ஏற்பட்டபோது அதற்கு ஆந்திரப் பிரதேசத்துத் தெலங்கானாப் பகுதிச் சட்டம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 2014இல் தெலங்கானா தனி ராஜ்யமானபோதும் அது சட்டப் புத்தகத்தில் கிடந்தது. அதே 2014இல், ஏப்ரல் 15ஆம் தேதி, நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு, தம்முடைய பாலினம் இன்னதென்று தாமே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டென்றும், பால்வேற்றுமை பாராட்டலாகாது என்ற அரசியல் சட்ட வாக்கு இவர்களையும் காக்குமென்றும் தீர்ப்பளித்திருந்தது. தேசத்தின் தலைமை நியாயஸ்தலம் அவ்வாறு சொன்ன பிறகும் ஒன்பது வருஷம் இந்தப் பதிவேட்டுச் சட்டம் நீடித்தது.

2018 மே மாதக் கடைசியில் நடந்த ஒரு கொலையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கைபேசி வழியாகப் பரவி, ஹைதராபாத் சந்திராயன்குட்டாவில் இரவு நேரத்தில் ஒரு கும்பல் கூடி, பிச்சையெடுத்துப் பிழைக்க மஹபூப்நகர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த திருநங்கை ஒருவரை அடித்துக் கொன்றது; உடனிருந்தவர்களும் காயப்பட்டார்கள். பிள்ளை கடத்துவோர் என்று 1871இல் சாசனமும் 1919இல் சமஸ்தானமும் எழுதிவைத்த அதே சந்தேகம், சட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு கும்பலின் கையில் கல்லாகவும் கட்டையாகவும் வந்தது. ராஜாங்கம் ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லிவைக்கும் அபவாதம், ராஜாங்கம் மாறினாலும் ஜனங்களின் வாயில் நின்றுவிடுகிறது.

அந்த 2018லேயே திருநர் உரிமைக்குப் பாடுபடும் வைஜயந்தி வசந்தா மோக்லி முதலானோர் இச்சட்டத்தை எதிர்த்துப் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். ஹைகோர்ட்டு அவ்வருஷமே அதன்கீழ் நடவடிக்கை எடுக்கலாகாது என்று இடைக்காலத் தடை விதித்தது. 2023 ஜூலையில், தலைமை நீதிபதி உஜ்ஜல் புயானும் நீதிபதி சி.வி. பாஸ்கர் ரெட்டியும் அந்தச் சட்டம் சமத்துவத்துக்கும் மனித கௌரவத்துக்கும் அந்தரங்க வாழ்க்கைக்கும் விரோதமானது, ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகளாக்குவது என்று கூறி அதைச் செல்லாதென அறிவித்தார்கள். கல்வியிலும் உத்தியோகத்திலும் இடஒதுக்கீடு, ராஜ்ய சர்க்காரின் ஆசரா ஓய்வூதியத்தில் சேர்த்தல் முதலியவற்றையும் அத்தீர்ப்பு சொல்லிற்று. மூசி நதிக்கரையில், சட்டம் பிறந்த வருஷத்தில் கட்டி முடித்த அதே கட்டிடத்திலேயே அதற்கு முடிவும் ஏற்பட்டது.

பதிவேடு ஒழிந்தது. வீடு கிடைத்ததா?

பேகம்பேட்டிலோ அதையடுத்த அமீர்பேட்டிலோ வாடகைக்கு வீடு தேடிப் புறப்படுகிற ஒரு திருநங்கையின் அனுபவத்தைக் கேட்டால், இந்த நாட்டில் எந்த நகரத்திலும் ஒரே விதமாகத்தான் கேட்கக் கிடைக்கும். டு-லெட் பலகை தொங்குகிறது. கைபேசியில் பேசும்போது வீடு காலி என்கிறார்கள். நேரில் போய் நின்றதும், இப்போதுதான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார் என்கிறார்கள். பலகை மறுநாளும் தொங்குகிறது. குடும்பஸ்தர்களுக்கு மட்டும் என்பார் ஒருவர். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்லுவார்கள் என்பார் இன்னொருவர். மனமிரங்கிக் கொடுப்பவர் வழக்கத்தைவிட அதிக வாடகையும் அதிக முன்பணமும் கேட்பார். ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார். எழுத்து இல்லாத குடித்தனத்தை எந்த நாள் வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். ஒப்பந்தம் இல்லாவிடில் விலாசத்துக்குச் சாட்சி இல்லை. விலாசச் சாட்சி இல்லாவிடில் ரேஷன் கார்டும் காஸ் இணைப்பும் பாங்குக் கணக்கும் எட்டாக்கனி. 1919இல் சர்க்கார் இவர்களுடைய விலாசத்தைத் தேடித்தேடி எழுதிக்கொண்டது. இன்று இவர்கள் தம் விலாசத்தை எழுதிக்கொள்ளுமாறு சர்க்காரிடம் கேட்டு நிற்கும்போது, எழுதுவதற்கு ஒரு விலாசம் அகப்படுவதில்லை.

2020 மார்ச்சில், கொரோனா நோய் பரவத் தொடங்கிய நாட்களில், பேகம்பேட்டுக்கு அடுத்த ஸ்டேஷனான அமீர்பேட் மெட்ரோவின் தூண்களில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. ஹிஜ்ராக்களைக் கடைப்பக்கம் அண்டவிடாதீர்கள், அவர்களோடு பேசினாலே நோய் தொற்றும், அடித்து விரட்டுங்கள் அல்லது போலீஸாரைக் கூப்பிடுங்கள் என்பது அவற்றின் சாரம். ஒட்டியவர் யாராயினும், அந்த நாட்களில் வீட்டுக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டுத் தம் மாடி அறையில் குடியிருந்தவரை எப்படிப் பார்த்திருப்பார் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. ஊரடங்கில் பதாயும் பிச்சையும் நின்றுபோய், வாடகை கொடுக்க வழியில்லாமல் இருந்தவர்களுக்கு, அந்தச் சுவரொட்டி காலி செய்யச் சொல்லும் நோட்டீஸாகவே ஆயிற்று.

அந்த மார்ச்சுக்கு முன்பே, இவர்களுக்கு வீட்டுரிமை வழங்கும் மத்தியச் சட்டம் ஒன்று அமலுக்கு வந்திருந்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019 டிசம்பரில் ஜனாதிபதியின் சம்மதம் பெற்று 2020 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் மூன்றாம் பிரிவு, கல்வி, வேலை, மருத்துவம் இவற்றோடு, குடியிருக்கவும் விலைக்கு வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையை மறுப்பதும், அதில் ஓரவஞ்சனை செய்வதும் கூடாதென்று தனிமனிதருக்கும் ஸ்தாபனங்களுக்கும் சேர்த்தே விதித்தது. பன்னிரண்டாம் பிரிவு, பெற்றோர் வீட்டில் வசிக்கும் உரிமையையும் அந்த வீட்டின் வசதிகளைப் பாரபட்சமின்றி அனுபவிக்கும் உரிமையையும் கொடுத்தது. பதினெட்டாம் பிரிவு, ஒருவரை வீட்டையோ ஊரையோ வாசஸ்தலத்தையோ விட்டுத் துரத்துவோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம்வரை சிறையும் அபராதமும் என்றது. ஏட்டில் பார்க்க மனம் நிறைகிறது. குறை எங்கே என்றால், துரத்துவதற்குத் தண்டனை உண்டு, சேர்த்துக்கொள்ளாமல் கதவைச் சாத்துவதற்குத் தண்டனை இல்லை. மூன்றாம் பிரிவை மீறிய வீட்டுக்காரருக்கு என்ன நேரும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. வீடு கிடைத்த பிறகு வெளியேற்றப்பட்டவருக்கு வழக்காட ஓர் ஆதாரம் உண்டு. வீடே கிடைக்காதவருக்கு ‘மறுக்கக் கூடாது’ என்ற சொல் மட்டும் உண்டு.

வீடு மறுப்போரைத் தடுக்க வழியில்லாவிடில் விளைவது என்ன என்பதற்கு, அந்தச் சட்டம் வருமுன்பே கொச்சி நகரம் சாட்சியாயிற்று. 2017 ஜூனில் தொடங்கிய கொச்சி மெட்ரோ, கேரளத்துப் பெண்கள் சுயஉதவி இயக்கமான குடும்பஸ்ரீ வாயிலாகத் திருநர் இருபதுக்கு மேற்பட்டோரை டிக்கெட் கொடுப்பது முதலான வேலைகளுக்கு எடுத்துக்கொண்டு தேசம் முழுவதிலும் பாராட்டுப் பெற்றது. 2015லேயே திருநர் கொள்கை வெளியிட்ட ராஜ்யம் கேரளம். ஆயினும் வேலையில் சேர்ந்த 21 பேரில் எட்டுப் பேர் சில வாரங்களுக்குள் விலகிவிட்டார்கள். வேலை கடினமென்றோ சகஊழியர் கொடுமை செய்தார்களென்றோ அன்று. நகரத்தில் எவரும் அவர்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்கவில்லை. லாட்ஜில் நாள் ஒன்றுக்கு 600 ரூபாய் கொடுத்துத் தங்கினால் மாதச் சம்பளம் போதவில்லை. சீருடையோடு நாள் முழுவதும் நகரத்துக்கு டிக்கெட் கொடுத்தவர், சாயங்காலம் அதே நகரத்தில் படுக்க இடம் தேடி அலைந்தார். ஹைதராபாத்திலும் 2024 டிசம்பரில் போக்குவரத்துப் போலீஸில் 39 திருநர் உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நல்ல காரியம், மனமாரப் போற்றுகிறேன். ஆனால் உத்தியோகம் கொடுக்கிற ராஜாங்கம், உத்தியோகஸ்தர் இரவில் எங்கே போய்ப் படுப்பார் என்ற கேள்வியையும் கூடவே கேட்கவேண்டும் என்பது கொச்சி கற்றுத்தந்த பாடம்.

நம் அரசியல் சட்டத்தின் பதினைந்தாம் ஷரத்து, கடைகள், உணவு விடுதிகள், ஹோட்டல்கள், கேளிக்கை ஸ்தலங்கள், கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை இவற்றில் பேதம் பாராட்டலாகாது என்கிறது. தீண்டாமையின் கொடுமையை அறிந்தவர்கள் வகுத்த பட்டியல் அது. வாடகை வீடு அதில் சேரவில்லை. 2005இல் ஆமதாபாத்துப் பார்ஸி கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் வழக்கில், தம் சமூகத்தாரை மட்டும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளும் விதி செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஹைதராபாத்தில் வழங்கிவந்த 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரரை எப்போது வெளியேற்றலாம் என்று சொல்லிற்றேயன்றி, யாருக்கு வீடு மறுக்கலாகாது என்று சொல்லவில்லை. 2021இல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி வாடகைச் சட்டமும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. முஸ்லிம்கள், தலித்துகள், தனியாக வாழும் பெண்கள் ஆகியோர் நம் நகரங்களில் வீடு தேடிப் படும் பாட்டுக்கும் திருநங்கை படும் பாட்டுக்கும் வேர் ஒன்றே.

பேகம்பேட்டின் பைகா மாளிகையில் 2008 முதல் 2023 வரை அமெரிக்கக் கான்சுலேட் இருந்தது. விஸா வாங்க வந்த தெலுங்கர்களும் தமிழர்களும் அதன் மதிலோரம் வரிசையில் காத்திருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த தேசத்தில் வாடகை வீட்டுக்கென்றே தனிச்சட்டம் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஏழாம் நாள், 1968 ஏப்ரல் 11ஆம் தேதி, ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட அச்சட்டம் நிறம், மதம், தேசம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுத்தது. 1974இல் பால்வேற்றுமையும் சேர்க்கப்பட்டது. கொலராடோவில் ஒரு தம்பதியருக்கு, அவர்களில் ஒருவர் திருநங்கை என்ற காரணத்தால், ஊரில் பேச்சு எழும் என்று சொல்லி வீடு மறுக்கப்பட்டபோது, அதுவும் பால்வேற்றுமையே என்று 2017இல் அங்குள்ள பெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். அக்கம்பக்கத்தார் ஏதாவது சொல்லுவார்கள் என்ற அமீர்பேட் வீட்டுக்காரரின் காரணத்துக்கும் அந்தக் காரணத்துக்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே மறுக்கப்பட்டவருக்கு ஏறிச்செல்ல ஒரு கோர்ட்டுப் படி இருந்தது. 2020இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு வேலை விஷயத்தில் இதே கொள்கையை நிலைநாட்டிற்று; 2021இல் வீட்டுவசதி இலாகா அதைத் தன் நடைமுறையாக ஏற்றது. 2025இல் ஆட்சி மாறியதும், தங்கும் விடுதிகளில் திருநரைக் காத்த விதியை அமல்செய்வதை அதே இலாகா நிறுத்திவிட்டது. உத்தரவால் வந்த பாதுகாப்பு உத்தரவால் போயிற்று. ஆகவே நமக்கு வேண்டுவது பார்லிமெண்டின் சட்டத்திலேயே பதிந்த, தண்டனையோடு கூடிய விதி.

நம் தமிழ்நாடு வேறொரு வழியில் சிறிது தூரம் நடந்திருக்கிறது. தேசத்திலேயே முதலாவதாக 2008 ஏப்ரலில் திருநங்கையருக்கு நலவாரியம் கண்டது இந்த ராஜ்யம். கோவில்பட்டிக்கு அருகே மந்தித்தோப்பில், மனைப்பட்டாவும் வீடும் கறவை மாடும் கொடுத்து, பால் கூட்டுறவுச் சங்கமும் அமைத்து, திருநங்கையருக்கென ஒரு குடியிருப்பே ஏற்பட்டது. மத்திய சர்க்கார் 2020 நவம்பரில் வடோதராவில் தொடங்கிவைத்த கரிமா கிரஹம் என்ற தங்கும் இல்லங்களும் நிராதரவானவர்களுக்குத் தற்கால நிழல் தருவன. இவை வேண்டியவையே. ஆயினும் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு அமைத்துக் கொடுப்பது, ஊருக்குள் எல்லோரும் வாழும் தெருவில் வீடு பெறும் உரிமைக்கு ஈடாகாது. சேரி என்ற ஏற்பாட்டை ஒழிக்கப் பாடுபட்ட தேசம், பட்டா கொடுத்தாவது இன்னொரு சேரியை உண்டாக்கிவிடக் கூடாது.

2025 அக்டோபரில், திருநங்கை ஆசிரியை ஒருவரின் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் 2019ஆம் வருஷத்துச் சட்டம் ஏட்டளவில் செத்துக் கிடப்பதைக் கண்டித்து, சமவாய்ப்புக் கொள்கை வகுக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு ஒன்று அமைத்தார்கள். அந்தக் குழுவும் பார்லிமெண்டும் ராஜ்ய சட்டசபைகளும் செய்யவேண்டிய காரியம் பெரிதொன்றும் இல்லை. வீடு மறுப்பதையும் பதினெட்டாம் பிரிவில் சேர்த்துத் தண்டனைக்குரியதாக்க வேண்டும். வாடகைச் சட்டங்களில் ஒரு ஷரத்து எழுதவேண்டும். வீட்டுச் சங்கங்களின் துணைவிதிகளைத் திருத்த வேண்டும். முறையீட்டை ஜில்லா அளவில் விசாரித்து விரைவில் முடிக்க ஓர் அதிகாரி வேண்டும். சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடிய காரியமும் ஒன்று உண்டு. அது இதைப் படிக்கிற வீட்டுச் சொந்தக்காரர்களின் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டு மாடி காலியாக இருந்து, வாடகை கொடுக்க வசதியுள்ள ஒரு திருநங்கையோ திருநம்பியோ வந்து கேட்டால், மற்றக் குடித்தனக்காரரிடம் கேட்கிற கேள்விகளையே கேளுங்கள். அதே வாடகையையும் அதே முன்பணத்தையும் வாங்குங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுங்கள். அந்த எழுத்தில் உள்ள விலாசம் அவருக்கு ரேஷன் கார்டும் வோட்டும் ஆகும்.

அடுத்த அத்தியாயத்தில், குருவின் வீடு சேலாவுக்குச் சேருமா என்ற பாத்தியதை வழக்குகளையும், 2020இல் உத்தரப் பிரதேசம் தன் நிலவருவாய்ச் சட்டத்தைத் திருத்தி விவசாய நிலத்தில் திருநருக்கு வாரிசுரிமை கொடுத்த வரலாற்றையும் பார்ப்போம்.